தாக்குகோணமும் விதை வெங்காயமும்

கோப்பாய்,
08.09.2024

சீமையில் இருந்தபடி ஆகாயத்தை ஆளும் என் மருமகள் பிரதீபாவுக்கு,

யாழ்ப்பாணத்துக்கும் நெல்லியடிக்கும் இடையே ஒரு ஆயுட்காலம் பஸ் கொண்டக்டராக மணியடித்து, இப்போது ஓய்வில் வீற்றிருக்கும் உன் தாய்மாமன் அருளம்பலம் எழுதிக்கொள்வது. இக்கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை எவரும் நம்பப்போவதில்லை. பல்லைத் தீட்டி, முகம் கழுவி, கிணற்றடியில் கிழக்கே பார்த்து நின்று சத்தியம் செய்கிறேன்: ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நீ வாட்ஸ்அப்பில் என்னைப் பூட்டிவிட்டாய். பரவாயில்லை. தபால் கந்தோரை உன்னால் பூட்ட முடியாது.

குற்றம் என்ன செய்தேன்? போன மாதம் தொலைபேசியில் உன் பெயரைத் தேடினேன். ஏதோ மாநாட்டில் நீ வாசித்த கட்டுரையின் தலைப்பு வந்தது. ஆங்கிலம். தொலைபேசியே அதைத் தமிழாக்கியும் தந்தது: ‘உயர் தாக்குதல் கோணங்களில் போர் விமானங்களுக்கான சுருதிக் கட்டுப்பாட்டுத் தேவைகள்.’ படித்து மெய்சிலிர்த்தேன். என் மருமகள் விமானத்துக்குச் சுருதி சேர்க்கிறாள்! அன்றைக்கே நமசிவாயத்தின் அச்சுக்கடைக்கு ஓடி, உன் படமும், பக்கத்தில் மூக்கை வானத்துக்கு நிமிர்த்திய ஒரு விமானமும், நடுவில் அந்தத் தலைப்பும் போட்டு ஒரு பனர் அடித்தேன். அதன் நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். ஒரு முனை கோப்பாய்ச் சந்தியில், மறு முனை நீர்வேலியில். இடையில் போன பஸ்கள் அதன் நிழலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. “என்ன அருளண்ணை, பொம்மர் இனிப் பாடிக்கொண்டோ வரும்?” என்று சைக்கிளில் போனவர்கள் கேட்டார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

பிறகுதான் அக்கா வந்தார். உன் பெரியம்மா குணலட்சுமி, கோயிலால் வந்த வழியில், பனருக்குக் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“உது ஆற்றை பொம்மரடா?”

ஜெயரூபனை, தன் ஒரே பிள்ளையை, பொம்மர் போட்ட குண்டுக்குக் கொடுத்த நாளிலிருந்து அக்கா அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. ‘அது’ என்றுதான் சொல்வார். ‘அது வந்த வருஷம்’, ‘அது போட்ட கிடங்கு’. அதை நான் கவனித்திருக்க வேண்டும். நானோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“எங்கடை பிரதீபான்ரை, அக்கா!”

அக்கா வீட்டுக்குப் போனார். கொக்கைத்தடியில் சத்தகக் கத்தியைக் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். தேங்காய் பறிப்பதுபோல் நாலு மூலைக் கயிற்றையும் அறுத்தார். விழுந்ததைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பிட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

பனரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீ எழுதியதோ இரண்டே சொல்: ‘கழட்டுங்கோ மாமா.’ பிறகு பூட்டு. ஒரு முழு மனிதனை இப்படி இரண்டு பெண்கள் இரண்டு பக்கத்தாலும் பூட்டினால் அவன் எங்கே போவான்? விளக்கம் எழுது. அதைக் கொண்டுபோய் அக்காவின் காலடியில் வைக்கிறேன்.

உன் மாமன்,
அருளம்பலம்


பிரிஸ்டல்,
24.09.2024

மாமா,

உங்களைப் பூட்டியது கோபத்தில். இன்னும் திறக்காமல் இருப்பது வெட்கத்தில்.

முதலில் அந்தத் தலைப்பு. சுருதி இல்லை. விமானம் மூக்கை மேலே தூக்குவதையும் கீழே இறக்குவதையும் ஆங்கிலத்தில் ‘பிட்ச்’ என்ற ஒரு சொல்லால் சொல்வார்கள். பாட்டின் சுருதிக்கும் அங்கே அதே சொல்தான். உங்கள் தொலைபேசிக்கு வித்தியாசம் தெரியாது. ‘தாக்குதல் கோணம்’ என்பதிலும் தாக்குதல் இல்லை. விமானத்தின் இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலுள்ள சாய்வு அது. தமிழ்ப் புத்தகங்களில் தாக்குகோணம் என்று எழுதுவார்கள்.

பட்டத்தின் நெஞ்சில் நூல் பிணைத்து நீங்கள் முச்சை கட்டுவது நினைவிருக்கிறதா? முச்சையின் மேல் நூல் நீண்டுபோனால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரம் பலமாக இழுக்கும். பிறகு தள்ளாடிப் பின்னால் சரியும். அந்த நிமிர்வுதான் உயர்ந்த தாக்குகோணம். சண்டைக்குப் பறக்கும் விமானம் சட்டென்று திரும்புவதற்காக இப்படி நிமிரும். நிமிர்வது சுலபம். நிமிர்ந்த பிறகு இறக்கையில் உடைந்த காற்று பின்னால் போய் வாலைக் குழப்பும். விமானி கட்டுப்பாட்டுத் தடியை முன்னால் தள்ளுவான், மூக்கு இறங்காது. எவ்வளவு நிமிர்ந்தாலும் மூக்கை இறக்குவதற்கு ஒரு வலு மிச்சம் இருக்க வேண்டும். அது எவ்வளவு இருந்தால் போதும் என்பதுதான் என் ஆய்வு.

இதை ஏன் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பட்டக் கதை. சின்னவளாக இருந்தபோது எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! வீட்டுக் கூரையளவு பட்டத்தை நீங்கள் ஏற்றியது, அதில் கட்டிய விண் நார் கூவிய கூவலில் மயங்கிப் பொம்மர் ஓட்டி வந்தவன் மூக்கை நிமிர்த்தியது, நிமிர்த்திய மூக்கு இறங்காமல் அது கைதடிப் பாலத்தடியில் விழுந்தது, அந்த வருடம் பிடித்த இறால் முழுக்க மண்ணெண்ணெய் மணத்தது. “ஏன் மாமா மூக்கு இறங்கேல்லை?” என்று கேட்டேன். “அதைக் கண்டுபிடிக்கத்தான் நீ படிக்கோணும்” என்றீர்கள். படித்தேன்.

இனி மற்றது. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பெரியம்மா தொலைபேசியில் கேட்பா: “சனம் ஏறுற பிளேன்தானே பிள்ளை?” நான் “ஓம் பெரியம்மா” என்பேன். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலை இழுத்துவிட்டவ அவ. அவவுக்கு நான் சொன்னது பொய். சந்தியில் வைத்து, என் படத்தோடு, அந்தப் பொய் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அவ என் அழைப்பை எடுப்பதில்லை.

நீங்கள் அவவிடம் எதுவும் சோடித்துச் சொல்லாதீர்கள்.

பிரதீபா


கோப்பாய்,
09.10.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் நான் எழுப்பிய வெற்றி முழக்கத்தில் கோப்பாய் வெளியில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பி, சூரியன் மறைந்து, கோழிகள் அடையப் போய்விட்டன. ‘தாக்குதல் இல்லையாம்! காற்றாம்! வெறும் காற்றாம்!’ என்று சைக்கிளை மிதித்தேன்.

அக்கா பின்வளவுக் கொட்டிலில் விதை வெங்காயம் பிடி பிடியாக முடிந்துகொண்டிருந்தார். கேட்காமலே போய்க் குந்தினேன். உன் கடிதத்தை உரத்து வாசித்தேன். மருமகளே, இங்கே ஒரு சிறு பிழை நடந்தது. ‘சண்டைக்குப் பறக்கும் விமானம்’ வந்த இடத்தில் நான் ‘சந்தைக்குப் பறக்கும் விமானம்’ என்று வாசித்தேன். இரண்டே இரண்டு எழுத்துத்தானே, யாருக்கு விளங்கப்போகிறது!

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“அருளு, உள்ளபடி வாசி.”

“உள்ளபடிதான் அக்கா...”

“சந்தைக்கு ஆரடா பிளேனிலை போறான்?”

திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். நீ எழுதியபடியே. நீ அவவுக்குச் சொன்ன பொய் வந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அக்காவின் கை நிற்கவில்லை. முடிந்ததும் ஒன்று கேட்டார்.

“தாக்குதல் எண்டது தாக்குதல் இல்லை எண்டு எழுதியிருக்கிறாள். சரி. பனரிலை போர் எண்டு ஒரு சொல்லும் கிடந்ததே. அதுவும் போர் இல்லையோ?”

நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதவில்லை, பிரதீபா.

“மூக்கு இறங்காட்டி என்ன நடக்கும்?”

“விழுந்திடும், அக்கா.”

“இறங்கினா?”

“ஓட்டுறவன் தப்பி வீட்டை போவான்.”

அக்கா ஒரு பிடியை முடிந்து வைத்தார். பிறகு சொன்னார்:

“அப்ப அவன் வீட்டை போய்ச் சேருறதுக்குத்தான் என்ரை பிள்ளை இவ்வளவு காலம் கண் முழிச்சுப் படிச்சவள்.”

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எழும்பி வரும்போது அக்கா பின்னால் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “உன்ரை கதையிலைதான் அது விழுந்தது. உள்ளதிலை அதுவும் வீட்டை போய்ச் சேந்தது.”

அந்தப் பட்டக் கதையை நான் முதலில் சொன்னது உனக்கல்ல. எல்லாரும் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்த காலம். அக்கா சோறு தொடமாட்டார். பக்கத்தில் இருந்து விழுத்தினேன் பொம்மரை. இறால் மணத்த இடத்தில் அக்கா ஒரு பிடி சாப்பிட்டார். பிறகு தினமும் விழுத்தினேன். அவர் ஒருநாளும் நம்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நம்பியது நீ ஒருத்திதான்.

வெட்கமாக இருக்கிறது, பிள்ளை.

அருளம்பலம்


பிரிஸ்டல்,
25.10.2024

மாமா,

உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் இருந்துவிட்டு வந்தேன். பக்கத்து மேசைக்காரி “வீட்டில் ஏதும் மரணமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் எழுதாமல் விட்ட சொல்லைப் பெரியம்மா சரியாகத் தொட்டிருக்கிறா. உங்களுக்குச் சுருதியை விளக்கினேன், தாக்குகோணத்தை விளக்கினேன், முச்சையை விளக்கினேன். விளக்கத் தேவையில்லாத சொல்லை மூன்றுக்கும் பின்னால் ஒளித்துவைத்தேன்.

எங்களிடம் ஒரு கூடு இருக்கிறது. விமானியை உள்ளே இருத்தி, சுற்றிவர வானத்தைத் திரையில் காட்டுவோம். அவர் மூக்கை நிமிர்த்துவார். இனி முடியாது என்ற அளவுக்கு நிமிர்ந்த பிறகு தடியை முன்னால் தள்ளுவார். முதல் நொடியில் மூக்கு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று நான் பார்ப்பேன். இறங்கத் தொடங்கினால் என் மனமும் இறங்கும். “போதும், இது எனக்குப் போதும்” என்று அவர் உள்ளேயிருந்து சொல்லும்போது எனக்கு வரும் சந்தோசத்தை எப்படி எழுதுவேன்? ஒரு ஆளைக் காப்பாற்றியது போல இருக்கும். காப்பாற்றுகிறேன்தான். அந்தத் திரையில் வானம்தான் நிறைந்திருக்கும், மாமா. கீழே வயலும் கோடும் பச்சை நிறத்தில் தெரியும். வீடு வரைந்திருக்கமாட்டார்கள்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதைச் சொல்லத்தான் அதிக வெட்கம். யாரோ கட்டாயப்படுத்தினார்கள் என்று பெரியம்மாவுக்கு எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. கீழே யார் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. தெரியாவிட்டால் ஞாயிறு தோறும் ஏன் பொய் சொன்னேன்?

தைப்பொங்கலுக்கு வர டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன், ஜனவரி பத்தாம் திகதிக்கு. பனர் கட்ட முன்பே எடுத்தது. இப்போது அந்த வீட்டுப் படலையை நானாகத் திறந்துகொண்டு உள்ளே வர எனக்குத் துணிவில்லை. பெரியம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வரலாமா?

அவ என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். இந்த ஒருமுறை மட்டும் ஒரு சொல்லும் கூட்டாதீர்கள் மாமா. உங்களை நம்பித்தான் கேட்கிறேன். உங்களை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் கேட்கிறேன்.

பிரதீபா


கோப்பாய்,
11.11.2024

அன்பு மருமகளுக்கு,

இங்கே மழை. எப்படிப்பட்ட மழை என்றால், கிணற்றில் இருந்த மீன் கூரையில் ஏறி நின்று ஊரைப் பார்க்கிறது. நெல்லியடி பஸ்ஸுக்குத் துடுப்புப் பூட்டியிருக்கிறார்களாம். இப்படியான காலத்தில் வெளியே இறங்கி ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பது சாத்தியமா என்று நீயே யோசித்துப் பார். முட்டுக்காலிலும் ஒரு நோ. கந்தப்பு வைத்தியரின் எண்ணெய் பூசிப் படுத்திருக்கிறேன். எண்ணெயின் காரத்தில் பக்கத்து வீட்டு நாய் அழுகிறது.

நிற்க, நீ சுகமா?

மாமன்


பிரிஸ்டல்,
25.11.2024

மாமா,

கேட்டீர்களா, இல்லையா?

பிரதீபா


கோப்பாய்,
10.12.2024

ஆகாயத்தின் அதிபதியே, அன்பு மருமகளே,

கேட்டேன்! கேட்ட மாத்திரத்தில் நடந்ததைக் கேள்.

அக்கா எழும்பினார். அவர் எழும்பிய வேகத்தில் கோப்பாய் நாலடி உயர்ந்து மறுபடி இருந்தது. “என்ரை பிள்ளை என்ரை வீட்டை வாறதுக்கு உன்னட்டையோ கேக்கிறாள்?” என்று அவர் போட்ட சத்தத்தில் வட்டுக்கோட்டையில் பள்ளிக்கூட மணி தானாக அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பலாலி விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பி, ஓடுபாதை முழுவதும் சாணம் தெளித்துக் கோலம் போடச் சொன்னார். நாற்பது கிடாரத்தில் பொங்கல். அந்தப் பனரில் இருந்த விமானத்தைத் தனியே வெட்டி எருக்குழிக்கு மேலே, மூக்குக் கீழே பார்க்க விரித்துவிட்டார். ஆகவே மூக்கு இறங்குவதற்கான உன் தேவைகள் யாவும் கோப்பாயில் பூர்த்தியாயின. கடைசியாக, “என்ரை பிள்ளையின்ரை முகத்திலை வெய்யில் படப்படாது” என்று சொல்லி, பலாலியிலிருந்து வீடு வரைக்கும் பட்டுப் பந்தல் போடப் பணித்தார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டேன். திரும்பி வந்து வாசித்தேன். நீ ‘உங்களை நம்பித்தான்’ என்று எழுதியிருந்தது மேசையில் கிடந்தது.

பிரதீபா, அத்தனையும் பொய்.

போன கடிதம் எழுதும்போது எனக்கு முட்டுக்காலில் நோ இல்லை. கேட்கப் பயந்துதான் கிடந்தேன். வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லை நான் எப்படி என் கையால் எழுதுவேன்? பிறகு உன் ஒற்றை வரி வந்தது. போனேன். “அவள் பொங்கலுக்கு வரலாமோ எண்டு கேக்கிறாள், அக்கா” என்றேன். அக்கா உள்ளே போனார். பிட்டும் சம்பலும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். மறுநாளும் கேட்டேன். “மழை விட்டுட்டுது போலை” என்றார். நீ ஒரு சொல்லும் கூட்டாதே என்றாய். கூட்டுவதற்கு அக்கா எனக்கு ஒரு சொல்லும் தரவில்லை. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. உள்ளபடி இதுதான்.

விமானம் எருக்குழியில் கிடக்கிறது என்பதும் பொய். அதை அவர் என்ன செய்தாரோ எனக்குத் தெரியாது. கண்ணால் காணவில்லை.

வெய்யில் சங்கதியில் மட்டும் ஒரு சின்னத் துண்டு உண்மை. அதை நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று காலை வெங்காயக் கொட்டிலடிக்குப் போனேன். தூவானமும் பின்னேர வெய்யிலும் அடிக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக் கட்டியிருந்தது. வெளியே வெறும் வெள்ளை. உள்ளே குனிந்து பார்த்தேன். நமசிவாயம் அடித்த பனர்தான். எழுத்தும் இல்லை, விமானமும் இல்லை. உன் முகத்தைச் சுற்றி நேராக வெட்டி எடுத்த துண்டு மட்டும், படம் உள்பக்கம் பார்க்க, நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. தொங்கும் வெங்காயப் பிடிகளுக்கு நடுவே நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

“ஏனக்கா உதை மற்றப் பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கிறாய்?” என்று கேட்டேன்.

அக்கா சுளகைப் புடைத்துக்கொண்டே சொன்னார்:

“வெய்யில் பட்டா வெளிறிப்போடும்.”

எது என்று நான் கேட்கவில்லை.

அருளம்பலம்